சொல் சேகரிப்பும் சொல்லின் சுவடும்: ஆப்சன்-ஜாப்சன் முதல் கேரி தீவு வரை

முன்னுரை

ஆங்கிலத்தில் உள்ள அழகிய சொற்களையும் அரிய சொற்களையும் தேடித் தொகுத்துப் பொருளெழுதி வைப்பது மொழி ஆர்வலர் பலரிடம் காணப்படும் பழக்கமாகும். நம் மாணவர்களின் குறிப்பேடுகளிலும் இத்தகைய பட்டியல்களைக் காண்கின்றோம். இப்பழக்கம் பயனற்றது என்று கூறுவது நம் நோக்கமன்று. ஒரு சொல்லை அதன் ஒலிக்காகவே விரும்புவது மொழியுணர்வின் தொடக்கம். எனினும், சொல்லைத் தொகுப்போர் அச்சொல் எவர் வாயிலிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது, வரும் வழியில் எதை இழந்தது என்னும் வினாக்களை எழுப்பாவிடின், தொகுப்பு வெறும் அணிகலப் பேழையாக நின்றுவிடும். இவ்வினாக்களை முன்வைத்து, ஆங்கிலச் சொல் தொகுப்புகளுள் தமிழருக்கு மிக நெருக்கமான 'ஆப்சன்-ஜாப்சன்' என்னும் நூலை மதிப்பிடுவதும், அம்மதிப்பீட்டைக் கேரி தீவின் தோட்டத் தமிழோடு பொருத்திப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

அழகுப் பட்டியல்களின் எல்லை

2004ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கவுன்சில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத 40,000க்கும் மேற்பட்டோரிடம் ஆங்கிலத்தின் மிக அழகிய சொல் எது என்று கேட்டது. 'மதர்' என்னும் சொல்லே முதலிடம் பெற்றது. வாக்களித்தோர் ஒலியைக் கருதினரா, பொருளைக் கருதினரா என்பது உடனெழும் வினா. தாய் என்னும் பொருளே வாக்குப் பெற்றது என்பதில் ஐயமில்லை. இதற்கு மாறான கருத்தையும் ஆங்கிலத்தில் காண்கின்றோம். நிலவறையின் கதவைக் குறிக்கும் 'செல்லார் டோர்' என்னும் தொடர், பொருளையும் எழுத்தையும் மறந்து கேட்டால் மிக இனிமையானது என்று டோல்கீன் 1955ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் குறிப்பிட்டார். ஒரு சாரார் பொருளுக்காகவும் மற்றொரு சாரார் ஒலிக்காகவும் சொல்லை விரும்புகின்றனர். இவ்விரு சாராரும் சொல்லின் வரலாற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

அழகிய சொற்களின் பட்டியல்களில் தவறாது இடம்பெறும் 'செரண்டிபிட்டி' என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. எதிர்பாராமல் நற்பேறு வாய்ப்பதைக் குறிக்கும் இச்சொல்லை 1754ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எழுதிய கடிதத்தில் ஓரேசு வால்போல் படைத்தார். 'செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்' என்னும் கதையே அதற்கு அடிப்படை. செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர்களுள் ஒன்று. பட்டியலைப் படிப்போர் சொல்லின் இனிமையை நுகர்கின்றனர். அதனுள் ஒரு தீவு இருப்பதைப் பலர் அறிவதில்லை.

தமிழ் மரபு இவ்வகையில் வேறொரு நெறியை வகுத்துள்ளது. தொல்காப்பியர் உரியியலில், யாவருக்கும் விளங்கும் சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை என்றும், வழக்கில் அருகிய சொல்லையே பயின்ற சொல்லால் விளக்க வேண்டும் என்றும் கூறுகின்றார். அரிய சொல்லைத் தொகுப்பதற்கு இதைவிடத் தெளிவான விதி வேண்டுவதில்லை. அவரே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தி, செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நிலங்களின் சொற்களுக்கும் இலக்கண ஏற்பு அளித்தார். எந்தத் திசையிலிருந்து ஒரு சொல் வந்தது என்பது அச்சொல்லின் இலக்கணத்துள் அடங்கும் என்பதே இதன் உட்பொருள்.

ஆப்சன்-ஜாப்சன்: நூலும் நூலாசிரியரும்

என்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்த ஆப்சன்-ஜாப்சன் 1886ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவிலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்த கீழைநாட்டுச் சொற்களின் விளக்க நூல் இது. யூல் வங்காளப் பொறியியற் படையில் பணியாற்றியவர். பர்னெல் சென்னை மாகாண ஆட்சிப் பணியைச் சேர்ந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தபோது அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். தென்னிந்திய எழுத்தியல் பற்றி 1874ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியவர். நூல் அச்சேறும் முன்னரே, 1882ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். வில்லியம் குரூக் பதிப்பித்த இரண்டாம் பதிப்பு 1903ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இந்நூலின் முதற்சிறப்பு அதன் சான்று முறை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கூறியதோடு அமையாமல், பயண நூல்கள், கடிதங்கள், வணிகக் குழும ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து ஆண்டு வாரியாக மேற்கோள்களை நிரல்படுத்துகின்றது. ஒரு சொல் எந்த ஆண்டில், எவர் வாயில், எந்த ஊரில் என்ன பொருளில் வழங்கியது என்பதை வாசகர் தாமே காணலாம். அக்காலத்தே உருவாகி வந்த ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியும் இதே நெறியைப் பின்பற்றியது. பதிவுபெறாத ஆங்கிலச் சொற்களைத் திரட்ட 1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழியியற் கழகம் அமைத்த குழுவே அப்பேரகராதிக்கு வித்து. தன்னார்வலர் பலர் தாள் நறுக்குகளில் சொல்லையும் மேற்கோளையும் எழுதி அனுப்பினர். முதற்பகுதி 1884இலும் இறுதிப்பகுதி 1928இலும் வெளிவந்தன.

நூலின் பெயரையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முகரம் நாள்களில் ஊர்வலத்தார் மார்பில் அறைந்துகொண்டு 'யா அசன், யா உசேன்' என்று எழுப்பும் துயரக் குரல், ஆங்கிலப் படைவீரர் செவியில் 'ஆப்சன்-ஜாப்சன்' என்று விழுந்தது. ஓர் இரங்கற்குரல் வேடிக்கை ஒலியாக மாறிய அந்நிகழ்வையே நூலாசிரியர்கள் தலைப்பாகத் தேர்ந்தனர். அந்தத் தேர்வு நேர்மையானது. ஒரு மக்களின் சொல் மற்றொரு மக்களின் வாயில் என்ன ஆகின்றது என்பதை அத்தலைப்பே ஒப்புக்கொள்கின்றது.

உயர்ந்த சொற்களும் தாழ்ந்த சொற்களும்

இந்நூலிலும் பிற ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்ற தமிழ்ச் சொற்களை நோக்கின், அவை அடைந்த கதி ஒரே தன்மையதாக இல்லை என்பது புலனாகும். சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்து மீனவர் செலுத்திய கட்டுமரம், டாம்பியரின் 1697ஆம் ஆண்டுப் பயண நூலிலேயே ஆங்கிலத்தில் இடம்பெற்றது. இன்று 'கட்டமரான்' என்பது இரட்டை உடலுடைய விரைவுக் கலத்தையும் செல்வர்தம் உல்லாசப் படகையும் குறிக்கின்றது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' என்று உருமாறி ஆங்கிலேயர் உணவு மேசையில் ஏறியது. சென்னை மாகாண ஆங்கிலேய அதிகாரிகளுக்கு 'மல்' என்னும் பட்டப்பெயரும் அதிலிருந்தே ஏற்பட்டது என ஆப்சன்-ஜாப்சன் கூறுகின்றது. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. கறி உலக மொழிகள் பலவற்றுள் புகுந்தது.

இவை பொருள்களின் பெயர்கள். மனிதரைக் குறித்த சொற்களோ வேறு வகையாக நடத்தப்பட்டன. கணக்கப்பிள்ளை 'கானிகாப்பொலி' ஆனார். கஞ்சி என்னும் எளிய உணவின் பெயரோடு வீடு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் சேர்ந்து படைவீரர் சிறைக்கூடத்தின் பெயராயிற்று. அங்கு அடைக்கப்பட்டோர்க்குக் கஞ்சியே உணவு என்பது அதன் காரணம். பறையர் என்பது புறநானூற்றிலேயே குடிப்பெயராகச் சுட்டப்படும் பழஞ்சொல். ஆங்கிலத்தில் அது முதலில் ஒரு சமூகத்தைக் குறித்து, பின்னர்ச் சமூகத்தால் ஒதுக்கப்பட்ட எவரையும் குறித்து, இறுதியில் தெருநாய்க்கும் அடைமொழியாயிற்று. பறையர் குலமற்றவர் அல்லர், ஐரோப்பியரே இச்சொல்லைத் தவறாக வழங்கினர் என்று ஆப்சன்-ஜாப்சன் திருத்திக் கூறியிருப்பது பாராட்டுக்குரியது. ஆயினும் திருத்தம் அகராதியில் நின்றது. இழிவு வழக்கில் நிலைத்தது.

இவ்வரிசையில் மலேசியத் தமிழர் மறக்கவியலாத சொல் 'கூலி'. இதன் மூலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. குசராத்துப் பகுதியைச் சேர்ந்த கோலி என்னும் இனத்தின் பெயரே மூலம் என்பது யூல், பர்னெல் ஆகியோரின் கருத்து. தமிழிலும் கன்னடத்திலும் உள்ள கூலி என்னும் சொல்லையும் அவர்கள் மறவாது குறிப்பிடுகின்றனர். இரண்டும் கலந்தே ஆங்கில வழக்கு உருவாகியிருத்தல் கூடும். மூலம் எதுவாயினும், தமிழ்க் கூலிக்கும் ஆங்கிலக் கூலிக்கும் இடையே உள்ள பொருள் வேறுபாடே நம் ஆய்வுக்கு உரியது. தமிழில் கூலி என்பது உழைப்பின் பயன். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரம் இச்சொல்லை எடுத்தாளும் இடத்தில், ஊழ் கைவிட்டாலும் உடல் வருந்தி முயன்றதற்கு உரிய பயன் கிட்டும் என்னும் உறுதிப்பொருளில் அது நிற்கின்றது. உழைப்பவனைக் குறிக்க வேண்டின் கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோ கூறுவதே தமிழ் வழக்கு. ஊதியம் வேறு, ஆள் வேறு என்னும் தெளிவு அச்சொல்லமைப்பிலேயே உண்டு. ஆங்கில வழக்கில் அந்த 'ஆள்' மறைந்தது. ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராயிற்று. மலாய் மொழியிலும் 'கூலி' என்பது உழைப்பாளியைக் குறிக்கின்றது. பின்னர் அச்சொல் தமிழன் காதுக்கே ஒரு வசைச்சொல்லாகத் திரும்பி வந்தது. தோட்டத் தொழிலாளர், தோட்டப் பாட்டாளி என்னும் தொடர்களை இந்நாட்டுத் தமிழர் விரும்பி வழங்கியதன் பின்னணி இதுவே. 1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது அதன் பெயரிலேயே ஆள் மீண்டும் இடம்பெற்றார்.

துரை என்னும் சொல்லும் ஆப்சன்-ஜாப்சனில் உண்டு. வடநாட்டின் 'சாகிப்' என்பதற்கு இணையான தென்னாட்டுச் சொல் என அந்நூல் விளக்குகின்றது. விளக்கம் பிழையற்றது. ஆனால் அச்சொல்லைத் தினமும் கூறவேண்டியிருந்தவர் பக்கத்திலிருந்து அதன் பொருளைக் காண்பதற்கு 1941ஆம் ஆண்டை நினைக்க வேண்டும். அவ்வாண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் கட்டாயத்தை ஒழித்தலும் ஒன்றாக இருந்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துரை என்னும் சொல்லின் எடையை இந்நிகழ்வு காட்டுவதுபோல் எந்த அகராதி மேற்கோளும் காட்டவில்லை. எழுதப்பட்ட நூல்களிலிருந்தே மேற்கோள் எடுக்கும் முறைக்கு இஃது இயல்பான குறை. எழுதியவர் ஆங்கிலேயர். பேசியவர் தமிழர். ஏட்டில் ஏறியது எழுதியவர் பொருளே.

நம் பெருமைப் பட்டியல்கள்

ஆங்கிலேயர் குறையைச் சுட்டுமிடத்து நம் குறையையும் நாம் மறைத்தலாகாது. ஆங்கிலத்தில் உள்ள தமிழ்ச் சொற்கள் எனப் பட்டியலிடும் கட்டுரைகள் நம்மிடையே பல. அவற்றுள் உறுதியானவையும் உறுதியற்றவையும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. செப்புக் காசைக் குறித்த 'கேஷ்' என்னும் சொல் தமிழ்க் காசு என்பதிலிருந்து போர்த்துக்கீசியர் வழி வந்தது. ஆனால் கைப்பணம் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஷ்' பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒன்றாயினும் இரண்டும் வேறு. 'ரைஸ்' என்பதன் கிரேக்க மூலத்தை அரிசியோடு இணைக்கும் கருத்து கால்டுவெல் காலந்தொட்டு உண்டு. ஆயினும் அது முடிந்த முடிபன்று. 'அனகொண்டா'வை 'யானை கொன்ற' என்னும் தொடரோடு இணைக்கும் விளக்கம் கேட்க இனியது. இன்றைய அகராதிகளோ சிங்கள மூலத்தையே முற்படுத்துகின்றன. அழகுக்காக ஆங்கிலச் சொல்லைத் தொகுப்பதும் பெருமைக்காகத் தமிழ்ச் சொல்லைத் தொகுப்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டிலும் சான்று பின்தள்ளப்படுகின்றது.

உறுதியான சான்றுகள் வேண்டுவோர் தொலைவில் தேடவேண்டியதில்லை. மலாய் மொழியின் 'கெடாய்', 'காப்பால்', 'மோடால்', 'கத்தில்', 'பெத்தி', 'மீசாய்' ஆகியவை முறையே கடை, கப்பல், முதல், கட்டில், பெட்டி, மீசை என்பவற்றின் வடிவங்கள். இவற்றினும் நுட்பமானது கிடங்கு என்னும் சொல்லின் பயணம். அது மலாயில் 'கூடாங்' ஆகி, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆகி, மீண்டும் தமிழ்ப் பேச்சில் 'குடோன்' என நுழைந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. தன் வீட்டுப் பொருளையே அயலாரிடம் விலைக்கு வாங்கியவன் கதை இது.

கேரி தீவின் திசைச்சொற்கள்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளான், லங்காட் ஆறுகளின் கழிமுகப் பகுதியில் அமைந்துள்ளது கேரி தீவு. அதன் பெயர் எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரருடையது. அங்கு நெடுங்காலமாக வாழ்பவர் மா மெரி பழங்குடியினர். முகமூடியும் மரச்சிற்பமும் செய்வதில் பெயர்பெற்றவர். ஆயினும் நிலப்படத்தில் நிலைத்தது தோட்டக்காரரின் பெயரே. பெயரிடும் உரிமை எவர் கையில் இருந்தது என்பதற்கு இத்தீவே ஒரு பதிவு.

இத்தகைய தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் உருவாக்கிக்கொண்ட சொல்வளம் வியக்கத்தக்கது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தைப் 'பெரட்டு' என்றனர். அது படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலப் 'பரேடு' என்பதன் தமிழ் வடிவம். ஒரு சொல்லே தோட்டம் படைமுகாமாக நடத்தப்பட்டதைக் காட்டிவிடுகின்றது. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்பது 'லயம்' ஆயிற்று. மலாயின் 'கெத்தா' கித்தா ஆகி இரப்பரைக் குறித்தது. பால் வடியும் கிண்ணம் 'மங்கு' எனப்பட்டது. அது மலாய் 'மங்கோக்' தந்த சொல். கம்போங் என்பது நேராகத் தமிழில் கம்பம் ஆயிற்று. அதே சொல் ஆங்கிலத்தின் வழியே சுற்றிவந்து காம்பவுண்டு எனவும் வழங்கியது என்பது பலர் கருத்து. ஆக, ஒரே மலாய்ச் சொல்லைத் தோட்டத் தமிழர் இரு பொருளில் ஆண்டனர். ஒன்று ஊர், மற்றொன்று துரை வீட்டு வேலிக்குள் அமைந்த வளாகம்.

பழந்தமிழும் இவ்வழக்கில் உயிரோடு இருந்தது. பால்மரம் வெட்டுவோர்க்குப் பிரித்தளிக்கப்பட்ட மர வரிசை 'நிரை' எனப்பட்டது. நிரை கவர்தலும் நிரை மீட்டலும் பாடப்பட்ட சங்க இலக்கியத்தில் நாம் கற்கும் அதே சொல், இரப்பர்க் காட்டில் அன்றாட வழக்காக இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் மேற்பார்வையாளரைக் குறித்த கண்காணி, கங்காணியாகி ஆள்திரட்டும் முறையின் பெயராகி, ஆங்கில அகராதியிலும் ஏறியது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டிலும் கங்காணி முறை 1938ஆம் ஆண்டிலும் முடிவுற்ற பின்னரும் அச்சொல் தோட்டத்தில் நிலைத்திருந்தது.

தூய தமிழில் நாட்டம் கொண்ட நாம் இச்சொற்களைக் கொச்சை என ஒதுக்கி வந்துள்ளோம். மேடையிலும் பாடநூலிலும் செந்தமிழை வளர்த்தல் கடமையே. ஆனால் வழக்கில் ஏற்காமை வேறு, பதிவு செய்யாமை வேறு. பெரட்டு என்பதை 'அணிவகுப்பு' எனத் திருத்திவிட்டால் தமிழ் தூய்மை பெறும். இருட்டில் வரிசையில் நின்றவரின் வரலாறு அழிந்துபோகும். நம் நாவல்களிலும் சிறுகதைகளிலும் இச்சொற்கள் ஓரளவு காக்கப்பட்டுள்ளன. ஆயினும் படைப்பாளர் தம் கதைக்கு வேண்டியவற்றையே எடுத்தாள்வர். முழுமையாகத் தொகுப்பது ஆய்வாளர் பணி.

இப்பணிக்கு முன்மாதிரி நம் இல்லத்திலேயே உண்டு. அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679ஆம் ஆண்டில் அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைத் தனிநாயக அடிகள் கண்டறிந்தார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்ற 1966ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை அதனை மறுபதிப்பாக வெளியிட்டது. அயலார் ஒருவர் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கேட்டெழுதிய தமிழை மீட்டது இத்துறை. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் பேசிய தமிழை நாம் இன்னும் அவ்வாறு மீட்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, அழகு ஒன்றையே அளவாகக் கொண்ட சொல் தொகுப்பு சொல்லின் பாதி வாழ்வையே காட்டும். இரண்டாவது, ஆப்சன்-ஜாப்சன் அதன் காலத்து ஆட்சியாளர் பார்வையைத் தாங்கியிருப்பினும், ஆண்டும் இடமும் சான்றும் காட்டும் முறையால் இன்றும் நாம் பின்பற்றத்தக்க நூலாக விளங்குகின்றது. மூன்றாவது, அந்நூல் கேளாத குரல்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பொறுப்பு நம்முடையது.

இது காலம் தாழ்த்தற்குரிய பணியன்று. இரப்பர் மறைந்து செம்பனை பரவியது. தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் சென்றன. அவர்கள் செய்த வேலையில் இன்று பெருமளவு அயல்நாட்டுத் தொழிலாளர் உள்ளனர். கேரி தீவில் பெரிய துறைமுகம் அமைப்பது பற்றியும் அண்மை ஆண்டுகளில் பேசப்பட்டு வருகின்றது. நிரை என்றால் என்னவென்று கையால் அறிந்தவர் முதியோர் மட்டுமே. மாணவர் ஒவ்வொருவரும் ஆங்கிலச் சொல் எழுதும் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, தம் குடும்பத்து மூத்தோர் வழங்கும் தோட்டச் சொல் ஒன்றை, அது வழங்கிய தோட்டம், சொன்னவர் அகவை, சொன்ன தொடர் ஆகியவற்றோடு எழுதத் தொடங்கினால் போதும். ஆக்சுபோர்டு பேரகராதியும் அவ்வாறு எழுதப்பட்ட தாள் நறுக்குகளிலிருந்தே எழுந்தது. அத்தகைய தொகுப்பு உருவாகுமாயின், அதில் கூலி என்னும் சொல்லுக்கு எதிரே உழைப்பின் பயன் என்னும் பொருளே முதலில் எழுதப்பட வேண்டும் என்பது நம் விழைவு.